ஊரோடு போனால் சம்பளம் குறையுமா?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாதம் 1,20,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 60,000, வீட்டு வாடகைப்படி 30,000. அம்மாவைக் கவனித்துக்கொள்ளத் தென்காசிக்குப் போய், வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டேன். சரி என்றவர்கள், ‘அங்கே செலவு குறைவுதானே’ என்று 15 சதவீதம் குறைக்கப் பார்க்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்காக ‘அதே வேலைதானே செய்கிறேன்’ என்று சண்டைக்கும் போகாதீர்கள்.

செலவைப் பார்த்துச் சம்பளம் கொடுப்பதாக எந்த நிறுவனம் சொன்னாலும் நான் நம்புவதில்லை. உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் பெரம்பூரில் அப்பா கட்டிய வீட்டில் வாடகையில்லாமல் இருக்கலாம். அவருக்குக் குறைத்தார்களா? நீங்கள் விலகினால் உங்கள் இடத்துக்கு ஆள் எடுக்க எவ்வளவு ஆகும், தென்காசியில் இருந்துகொண்டு உங்களுக்கு வேறு வேலை கிடைக்குமா, இந்த இரண்டும்தான் கணக்கு. கிடைக்காது என்ற அவர்கள் நினைப்பின் விலைதான் அந்த 15 சதவீதம். பக்கத்து மத்தளம்பாறையிலேயே ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருப்பதைப் பேச்சோடு பேச்சாக நினைவூட்டுங்கள்.

பெரிய நிறுவனங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. வேறு ஊருக்குப் போய் வேலை செய்பவர்களின் சம்பளம் அந்த ஊருக்கேற்ப மாறும் என்று ஃபேஸ்புக் 2020இல் அறிவித்தது. அதே ஆண்டு ரெடிட், அமெரிக்காவுக்குள் ஊர்வாரிச் சம்பள வித்தியாசத்தையே எடுத்துவிட்டது.

எனக்கு நியாயமாகப் படுவது நம் மத்திய அரசின் வழி. சென்னையில் இருந்தாலும் சிற்றூரில் இருந்தாலும் ஒரே பதவிக்கு அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். ஊருக்கேற்ப வாடகைப்படி அந்த அடிப்படையில் 30, 20, 10 சதவீதம் என்று மாறும். உங்கள் பேரமும் இங்கேதான் நிற்க வேண்டும்: குறைப்பதென்றால் வாடகைப்படியில் குறையுங்கள், அடிப்படையைத் தொடாதீர்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம்? 15 சதவீதக் குறைப்பைச் சம்பளத்தின் எல்லாப் பகுதிகளிலும் பரப்பினால் அடிப்படை 51,000 ஆகிவிடும். பணிக்கொடை (வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி) கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை ஒட்டியே கணக்கிடப்படுகிறது. ஒன்பது ஆண்டுக்கு 60,000இல் 3,11,538 ரூபாய், 51,000இல் 2,64,807. ஒரு கையெழுத்தில் 46,000 ரூபாய்க்கு மேல் போய்விடும், அதுவும் நீங்கள் சென்னையில் உழைத்த ஆண்டுகளுக்கு உரியது. முழு அடிப்படைக்கும் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் அதிலும் நிறுவனத்தின் பங்கு மாதம் 1,080 குறையும்.

வாடகைப்படியை விட்டுக்கொடுப்பதில் அவ்வளவு வலி இல்லை. அம்மா வீட்டில் வாடகை கொடுக்காமல் இருந்தால் அதற்கு வரிவிலக்கு எப்படியும் கிடையாது. வாடகைப்படியை அடிப்படையில் 50 சதவீதத்திலிருந்து 40க்கு இறக்கச் சொல்லித் தொடங்குங்கள். மாதம் 6,000, அதாவது மொத்தச் சம்பளத்தில் 5 சதவீதம். மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதக் குறைப்புவரை இறங்கி வரலாம். அதற்கு மேல் என்றால் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிடுவது நல்லது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் சம்மதமில்லாமல் நியமன ஆணையில் உள்ள சம்பளத்தில் கைவைப்பது அவர்களுக்குச் சிக்கல். ஆனால் இடமாற்றம் நீங்கள் கேட்ட சலுகை என்பதால் நிபந்தனை வைக்க அவர்களுக்கும் வழி உண்டு. எனவே வழக்கைவிடக் கடிதமே உங்களுக்குக் கைகொடுக்கும்.

அந்தக் கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும். சென்னைக்குத் திரும்பினால் பழைய வாடகைப்படி திரும்ப வர வேண்டும். ஆண்டு ஊதிய உயர்வுக்கு ஊர் ஒரு காரணமாகக் கூடாது. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: மாதம் இரண்டு முறை அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் பொதிகை எக்ஸ்பிரஸ் டிக்கெட்டும் தங்கும் செலவும் யாருடையது? என்னிடம் வந்த ஒருவர் சம்பளத்தில் 5 சதவீதம்தான் விட்டுக்கொடுத்தார்; அதைவிட அதிகமாக ரயிலுக்கும் லாட்ஜுக்கும் சொந்தக் காசைக் கொட்டிக்கொண்டிருந்தார்.