கம்ப்யூட்டர் கேள்வி பதில்: பழைய விண்டோஸும் புதிய விண்டோஸும்

கேள்வி: விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டரும் விண்டோஸ் 7 உள்ள பழைய கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டரில் இணைந்துள்ளன. புதியதில் ஒரு போல்டரை ஷேர் செய்து, அதைப் பழையதிலிருந்து திறக்க முயன்றால் யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்கிறது. தினமும் உள்ளே நுழையக் கொடுக்கும் நான்கு இலக்க எண்ணையே கொடுத்தும் தவறு என்கிறது. இரண்டு பதிப்புகளும் ஒத்துப் போகாதா?

பதில்: ஒத்துப் போகும். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எஸ்.எம்.பி. என்ற நெறிமுறை வழியாகவே பைல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இணைப்பு தொடங்கும்போது இரண்டு கம்ப்யூட்டர்களும் தமக்குத் தெரிந்த பதிப்புகளைச் சொல்லி, இரண்டுக்கும் பொதுவான மிக உயர்ந்த பதிப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 7க்கு 2.1 வரை தெரியும். விண்டோஸ் 11க்கு 3.1.1 வரை தெரியும்; ஆகவே இரண்டும் 2.1இல் பேசிக்கொள்ளும்.

தடை நீங்கள் கொடுத்த எண்ணில்தான் உள்ளது. அது பாஸ்வேர்ட் அன்று. அந்த ஒரு கம்ப்யூட்டரின் முன் அமர்ந்து நுழைவதற்கு மட்டும் உரிய பின் (PIN) எண். நெட்வொர்க் வழியாக வருபவரிடம் விண்டோஸ் அதை ஏற்பதே இல்லை. பாஸ்வேர்டே இல்லாத கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். வெற்றுப் பாஸ்வேர்டுடன் நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் இயல்பாக அனுமதிப்பதில்லை.

விண்டோஸ் 11இல், மைக்ரோசாப்ட் கணக்குடன் தொடர்பில்லாத ஒரு லோக்கல் கணக்கைப் பகிர்வதற்கென்றே உருவாக்கி, அதற்கு நல்ல பாஸ்வேர்ட் ஒன்றைக் கொடுங்கள். பழைய கம்ப்யூட்டரில் யூசர் நேம் கேட்கும் இடத்தில், முதலில் புதிய கம்ப்யூட்டரின் பெயர், பிறகு பின்சாய்வுக்கோடு (\), அதன்பின் அந்தக் கணக்கின் பெயர் என்று ஒரே வரியில் எழுதுங்கள். கம்ப்யூட்டரின் பெயரை விட்டுவிட்டால், பழைய கம்ப்யூட்டர் தன் பெயரையே முன்னால் சேர்த்து அனுப்பிவிடக்கூடும். முன்பு கொடுத்த தவறான விவரம், பாஸ்வேர்டுகளை விண்டோஸ் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமிக்கப்பட்டிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.

பாஸ்வேர்ட் கேட்பதையே நிறுத்திவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டு வைஃபையில் இணையும் எவரும் உங்கள் போல்டரைத் திறக்க அது வழிவிடும். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் பைல்களைப் பகிர விண்டோஸ் 7இல் எளிதாக இருந்த ஹோம்குரூப் வசதியும் 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டதால், அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

போல்டர் திறந்து, பைலைப் படிக்க முடிந்தும் திருத்திச் சேமிக்க முடியாமல் போனால், போல்டரின் ப்ராபர்ட்டீஸில் ஷேரிங், செக்யூரிட்டி என்ற இரண்டு பக்கங்களையும் பாருங்கள். ஷேரிங்கில் முழு உரிமையும் செக்யூரிட்டியில் படிக்கும் உரிமை மட்டுமே இருந்தால், இரண்டில் எது குறைவோ அதுவே செல்லும்.

கேள்வி: விண்டோஸ் எக்ஸ்பி உள்ள என் பழைய கம்ப்யூட்டரை விண்டோஸ் 11 கண்டுகொள்வதே இல்லை. எஸ்.எம்.பி. 1ஐ இயக்கினால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: சரியாகும் என்பது உண்மை, எக்ஸ்பிக்கு அந்த நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்.எம்.பி. 1 மட்டுமே தெரியும். ஆனால் 2017 மே மாதம் உலகெங்கும் கம்ப்யூட்டர்களை முடக்கிய வான்னாக்ரை என்ற தீங்கு நிரல், இதே எஸ்.எம்.பி. 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்.எம்.பி. 1 இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவும் 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. எனவே பைல்களைப் பென்டிரைவில் எடுத்துச் செல்வதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

வேறு வழியே இல்லையென்றால், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்.எம்.பி. 1இன் கீழ் உள்ள, பிற கம்ப்யூட்டரின் பைல்களை எடுக்க உதவும் கிளையன்ட் பகுதியை மட்டும் டிக் செய்யுங்கள். பிறருக்குப் பைல்களைத் தரும் சர்வர் பகுதியைத் தொடாதீர்கள். போல்டரை எக்ஸ்பியில் ஷேர் செய்து, புதிய கம்ப்யூட்டரிலிருந்து அதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது பழைய நெறிமுறை வழியாக வெளியிலிருந்து வரும் இணைப்பு எதையும் புதிய கம்ப்யூட்டர் ஏற்காது. வேலை முடிந்ததும் அந்த டிக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பென்டிரைவில் 6 ஜிபி வீடியோவைக் காப்பி செய்தால், பைல் மிகப் பெரிது என்கிறது. இடமோ 20 ஜிபிக்கு மேல் காலியாக உள்ளது.

பதில்: உங்கள் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டுள்ளது. அதில் தனி பைல் ஒன்று 4 ஜிபியை எட்ட முடியாது. எக்ஸ்பி முதல் 11 வரை விண்டோஸுக்குள்ளேயே பயன்படுத்துவதானால் என்.டி.எஃப்.எஸ். முறையே போதும். மேக் கம்ப்யூட்டரிலும் எழுத வேண்டுமானால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஏனெனில் மேக், என்.டி.எஃப்.எஸ். டிரைவைப் படிக்கும், தானாக அதில் எழுதாது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பவை அழிந்துவிடும். முதலில் அவற்றை வேறிடத்தில் காப்பி செய்துகொள்ளுங்கள்.