பொழுதோட வாங்க

அன்புள்ள அண்ணாச்சி,

தூத்துக்குடியிலிருந்து கோவைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. சிங்காநல்லூர் பக்கம் ஒரு மாடி வீடு. வேலைக்கும் சம்பளத்துக்கும் குறையில்லை. ஜூன் மாதத்தில் ஃபேன் போடாமல் தூங்குகிறேன், நம்புவீர்களா? ஆனால் இந்த ஊர் மரியாதைதான் எனக்கு ஒத்துவரவில்லை. கீழ் வீட்டு அம்மாவுக்கு என் அம்மா வயது. என்னை 'வாங்க, போங்க' என்கிறார். நான்கு வயது மகனிடமும் 'சாப்டீங்களா சாமி' என்றுதான் கேட்கிறார். நம்மூரில் 'ஏட்டி' என்று கூப்பிட ஒரு ஆள் இருந்தால் அது நம்ம தெரு. இங்கே எல்லாரும் என்னை வாசலிலேயே நிறுத்திப் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஒருநாள் அந்த அம்மா 'நாளைக்குப் பொழுதோட வாங்க' என்றார். நேரத்தோடு வரச் சொல்கிறார் என்று காலை எட்டு மணிக்கே போய் நின்றேன். 'என்னங்க ஆச்சு?' என்று பதறிப்போனார். மாரியம்மன் நோம்பிக்கு (பண்டிகைக்கு) ஒப்பட்டு (போளி) போட்டுக் கொடுத்த பாத்திரம்கூட வெட்கத்தில் என்னிடமே கிடக்கிறது. நீங்கள் இங்கே இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறீர்கள். இது பழகுமா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணாச்சி என்று எழுதிவிட்டீர்கள், அதனால் தங்கச்சி. 'ங்க' போடாமல் எழுத எனக்கே இப்போது கை வரவில்லை, பாருங்கள்.

முதலில் அந்தப் பொழுது. நம் பக்கம் 'பொழுதோட வா' என்றால் இருட்டுவதற்குள், நேரத்தோடு வா என்று பொருள். இங்கே பொழுதோட என்றால் சாயங்காலம். காலைக்கு 'வெடியால' என்பார்கள். எட்டு மணிக்குப் போய் நின்றதில் அவமானம் ஒன்றுமில்லை. ஏதோ ஆபத்து என்று அவர் பயந்திருப்பார், அவ்வளவுதான். நான் வந்த புதிதில் ஒருவர் 'ஒறம்பரை வந்திருக்காங்க' என்றதை ஏதோ நோய் வந்திருக்கிறது என்று நினைத்து, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டவன். ஒறம்பரை என்றால் விருந்தாளி.

மரியாதை விஷயத்துக்கு வருகிறேன். 2001-இல் கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் பட்டறையில் கணக்கெழுத வந்தேன். ஃபோர்மேன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இரண்டு வருடம் என்னை 'வாங்க, உக்காருங்க' என்றே பேசினார். ஆள் நம்மை ஒட்டவிடமாட்டேன் என்கிறார் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். நெருக்கத்தை நானே தொடங்கிவைக்கலாம் என்று ஒருநாள் அவருடைய அண்ணன் மகனை, இருபது வயதுப் பையனை, 'ஏலே, இங்க வா' என்று கூப்பிட்டேன். லேத் ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. நம்மூரில் அது தோளில் கை போடுவது. இங்கே கன்னத்தில் வைத்ததாக ஆகிவிட்டது.

அடுத்த வருடம் என் அப்பாவை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. முதல் நாள் இரவே அந்த மனிதர் தூக்குப்போசியில் (தூக்குவாளியில்) கஞ்சியோடு வந்து நின்றார். 'முதல்ல சாப்புடுங்க, அப்புறமேட்டுக்குப் பேசிக்கலாமுங்க.' ஒன்பது நாளும் வந்தார். ஒன்பது நாளும் 'ங்க'தான். அதற்குப் பிறகு என் காது வேறு மாதிரி வேலை செய்ய ஆரம்பித்தது. கவனித்துப் பாருங்கள், எல்லா 'ங்க'வும் ஒன்றில்லை. புது ஆளிடம் முழுதாக வரும்: 'சரிங்க', 'இல்லீங்க'. பழகப் பழக வால் தேய்ந்து 'சரிங்', 'இல்லீங்' என்று மூக்கோடு நின்றுவிடும். நெருங்கிய ஆள் திடீரென்று முழு 'ங்க' போட்டால் மனத்தாங்கல் என்று அர்த்தம்.

கோவைக்காரர் திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவார் என்ற பழைய ஜோக்கை மட்டும் நம்பாதீர்கள். உக்கடத்தில் இரண்டு வண்டி உரசிக்கொண்ட இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். 'ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா'வில் தொடங்கும், மூன்றாவது வாக்கியத்தில் 'ங்க' இறங்கிப் போயிருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுற்றுக் கிராமங்களில் இந்த 'ங்க' எல்லாருக்கும் கிடைத்ததில்லை. தோட்டத்து வீட்டுச் சிறுவனுக்கு 'சாமி'யும் 'ங்க'வும் கொடுத்த அறுபது வயதுப் பண்ணையாளுக்குத் திரும்பக் கிடைத்தது 'வாடா'. இந்த மொழியின் இனிமையைப் பற்றி மேடையில் உருகுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. நம் பக்கம் இதில் ஒன்றும் குறைந்ததில்லை. 'ஏலே'யும் யார் யாரைச் சொல்லலாம் என்பதற்குக் கணக்கு இருந்தது.

'ஏட்டி' கேட்க வேண்டும் போலிருந்தால் பக்கத்தில் அண்ணாச்சி கடை இருக்கும், போங்கள். எங்கள் தெருக் கடைக்காரர் நம்ம சாத்தான்குளம் பக்கம். வாடிக்கையாளரிடம் 'என்னங்க வேணும்' என்பார். அவர்கள் நகர்ந்ததும் என்னிடம் 'என்னவே, ஆளையே காணும்' என்பார். ஒரே மூச்சில் இரண்டு ஊர். அவரைவிட வேகம், டீ குடிக்கப் போகும் பேக்கரியில் (இங்கே டீக்கடை என்றால் முக்கால்வாசி பேக்கரிதான், அதையும் கண்டுகொண்டிருப்பீர்கள்) நிற்கும் ஒடிசா பையன். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, தமிழில் நூறு வார்த்தை தெரிந்தால் அதிகம். 'பப்ஸ் சூடா இருக்குங்ணா' என்கிறான். எனக்கு 'ங்ணா' வர ஆறு வருடம் ஆயிற்று.

ஃபேன் இல்லாத தூக்கத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் காரணம். மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்ட இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அது வழியாக நேரே உங்கள் ஜன்னலுக்கு வருகிறது. தூத்துக்குடிக்கு மலை தாண்டி வரும்போது ஈரம் போய்ப் புழுதிதான் மிச்சம். கூடவே, சிறுவாணித் தண்ணீர் குடித்தால் ஊரை விட்டுப் போகமாட்டீர்கள் என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். சிங்காநல்லூர் நகரத்தின் கிழக்குப் பக்கம். சிறுவாணி பெரும்பாலும் மேற்குப் பக்கத்துக்கு. கிழக்கே பில்லூர் அணைத் தண்ணீர். அதைச் சொல்லி வாதாடாதீர்கள், இந்த ஊரில் அது மட்டும் நடக்காது.

பழகுமா என்று கேட்டீர்கள். பேச்சு பழகிவிடும். நீங்கள் ஆளைப் பார்க்க வேண்டிய இடம் வினைச்சொல்லின் வாலில் இல்லை, அந்தப் பாத்திரத்தில். இங்கே அதற்குப் போசி என்று பெயர். மாடியில் குடியிருக்கும் ஏழு மாதப் பழக்கத்துக்கு ஒப்பட்டு தட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பருப்பு வேகவைத்து, பூரணம் அரைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிச் சுட வேண்டும். அரை நாள் வேலை. வாசலில் நிறுத்துகிறவர் அதைச் செய்வாரா? போசி எங்கே என்று இதுவரை கேட்கவுமில்லை. ஃபோர்மேனும் கேட்கவில்லை. அந்தத் தூக்குப்போசி நான்கு மாதம் என் அடுக்களையில் இருந்தது. கடைசியில் அம்மா ஊரிலிருந்து வந்தபோது அதில் கருப்பட்டி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நீங்களும் வெறும் போசியைக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போனால் மக்ரூன் வாங்கி வாருங்கள். பொழுதோட, ஆறரை மணி வாக்கில் இறங்கிப் போங்கள். மூடியை மட்டும் இறுக்கிப் போடுங்கள். இந்த ஊர் ஈரக்காற்றுக்கு மக்ரூன் ஒரு நாளில் பிசுபிசுத்துவிடும்.