திவாலில் இருக்கும்போது தவணையில் போன்: பெயரை மாற்றிப் போட்டால் சிக்கல் கூடும்

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறேன். மளிகைக் கடை நொடித்து, எட்டு மாதங்களுக்கு முன் திவாலானேன். போன் கடையில் மகள் கண்ணெதிரே "உங்களுக்குத் தர முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு உறவுக்காரப் பையன் ஒருவன் அப்பா பெயரை முன்னால் போட்டு, பழைய முகவரியை விட்டுவிட்டு ஆன்லைனில் விண்ணப்பித்தான், உடனே கிடைத்துவிட்டது. போனுக்கு மாதம் 22 பவுண்ட், 36 மாதம்; சிம்முக்குத் தனி. போன் வந்து ஆறு நாள் ஆகிறது. அவமானப்படுத்திய கடைமீது வழக்குப் போடலாமா? பழைய போன் கம்பெனியும் பாக்கி கேட்டுக் கடிதம் போட்டுக்கொண்டே இருக்கிறது.

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பங்காளி கைவிட்டது, கடைக்காரர் பேசிய விதம் எல்லாம் படித்தேன், வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு அதில் ஒரு விஷயம்தான் வேண்டும்: கடன் கொடுத்தவரிடம் "நான் திவாலிலிருந்து இன்னும் விடுபடாதவன்" என்று முன்கூட்டியே சொன்னீர்களா? சொல்லவில்லை. கடைமீது வழக்கை மறந்துவிடுங்கள். கடன் தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம், அதில் உங்களுக்கு உரிமை எதுவும் இல்லை.

22 பவுண்ட் என்று பார்க்காதீர்கள். 36 மாதத்துக்கு 792 பவுண்ட். இங்கிலாந்து, வேல்ஸில் திவாலில் இருப்பவர் தனியாகவோ இன்னொருவரோடு சேர்ந்தோ 500 பவுண்ட் அல்லது அதற்கு மேல் கடன் வாங்கினால், தன் நிலையைக் கொடுப்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் வாங்குவது 1986 திவால் சட்டத்தின் 360ஆம் பிரிவுப்படி குற்றம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. "படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லையே" என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்பது அவர்கள் வேலை இல்லை, சொல்வது உங்கள் கடமை. இந்தச் சட்டத்தில் வேறு சில குற்றங்களுக்கு "ஏமாற்றும் எண்ணம் இல்லை" என்று வாதிட இடம் உண்டு, இந்தப் பிரிவுக்கு அந்த வாதம் கிடையாது. மறந்துவிட்டேன், தெரியாது என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றமில்லை என்றாக்காது.

இதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அந்தப் பெயர் மாற்றம்தான். நம் ஆட்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, வங்கியில் ஒரு வரிசை, கவுன்சில் வரியில் இன்னொன்று என்று பெயர் இருப்பது சகஜம். அதனால் இது பெரிய தப்பில்லை என்று தோன்றும். ஆனால் கடன் வரலாற்றுப் பதிவோடு பொருந்தக் கூடாது என்பதற்காகவே பெயரைப் புரட்டி, முந்தைய முகவரியையும் மறைத்தால், அது சொல்லாமல் விட்டது என்ற கணக்கில் வராது. பொய் சொல்லி வாங்கியது என்றாகிவிடும். அதற்கு 2006 மோசடிச் சட்டம் இருக்கிறது, அதன் உச்ச தண்டனை 10 ஆண்டு. விண்ணப்பித்தது பையன் என்றாலும் கையெழுத்து உங்களுடையது. அவனும் சேர்ந்து மாட்டுவான்.

ஒரு போனுக்காக நாளைக்கே ஜெயில் என்று பயமுறுத்தவில்லை. என்னிடம் வருபவர்கள் விழும் குழி வேறு. அஃபிஷியல் ரிசீவர், அதாவது உங்கள் திவாலைக் கவனிக்கும் அரசு அதிகாரி, உங்கள் வருமானத்தைப் பார்க்க வங்கிக் கணக்கு விவரம் கேட்பார். அதில் திவாலுக்குப் பிறகு தொடங்கிய புதிய டைரக்ட் டெபிட் (கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் பணம்) பதிவு ஒன்று, மாதாமாதம் 22 பவுண்ட். என்ன இது என்பார். அந்த இடத்தில் பதறி, "அது மகளுடையது" என்று இன்னொரு பொய் சொல்லிவிடுவார்கள். அப்புறம் விஷயம் போனைத் தாண்டிப் போய்விடும். உங்களுக்கு இன்னும் நான்கு மாதத்தில், ஒரு வருடம் முடிந்ததும் திவாலிலிருந்து தானாகக் கிடைக்க வேண்டிய விடுதலையை நிறுத்திவைக்கச் சொல்லி அவர் நீதிமன்றம் போகலாம். திவால் கட்டுப்பாட்டு ஆணையும் கேட்கலாம், அது 2 முதல் 15 ஆண்டு வரை ஓடும். அந்தக் காலம் முழுக்க இதே 500 பவுண்ட் விதி உங்களைத் துரத்தும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் கம்பெனி இயக்குநராகவும் இருக்க முடியாது. தம்பியோடு சேர்ந்து மறுபடி கடை போடப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, அது அதோடு போச்சு.

ஆகவே போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இன்றைக்கே. ஆன்லைனில் வாங்கியதால் பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாள் அவகாசம் உண்டு. டப்பாவைப் பிரித்திருந்தாலும் பரவாயில்லை, ரொம்பப் பயன்படுத்தியிருந்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள், பிடிக்கட்டும். இங்கே ஒரு கவனம்: கடனை மட்டும் ரத்து செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் போன் உங்களிடமே நிற்கும், முழுப் பணத்தையும் 30 நாளில் கட்டச் சொல்வார்கள். போன் வாங்கியதையே ரத்து செய்கிறேன் என்று எழுதுங்கள், அதோடு சேர்ந்த கடனும் ரத்தாகும். சிம் ஒப்பந்தத்துக்கும் தனியாக ஒரு வரி எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் வேண்டாம். குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்து நீளமாக மன்னிப்புக் கடிதம் எழுதிவிடாதீர்கள், அது உங்களுக்கு எதிரான ஆதாரம். ரத்து செய்வதால் நடந்தது நடக்கவில்லை என்றாகாது, அதனால் ஒரு சொலிசிட்டரை (வழக்கறிஞரை) நேரில் பாருங்கள். அஃபிஷியல் ரிசீவர் அதற்கு முன்பே கேட்டுவிட்டால் சொலிசிட்டரிடம் பேச நேரம் கேளுங்கள், பொய் மட்டும் வேண்டாம்.

போன் இல்லாமல் எப்படி என்றால், 30 நாள் சிம் அல்லது முன்பணம் கட்டும் சிம், கையிலிருக்கும் சம்பளப் பணத்தில் ஒரு பழைய போன். இதில் கடனே இல்லை. "450 பவுண்டில் ஒன்று, மறுவாரம் அதே இடத்தில் 450க்கு இன்னொன்று எடுத்தால் வரம்புக்குள் தானே" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், இரண்டையும் கூட்டிப் பார்க்க வாய்ப்பிருக்கிறது. மகளுக்கு 18 முடிந்து, அவளே பயன்படுத்தி அவள் சம்பளத்தில் கட்டுவதாக இருந்தால் அவள் பெயரில் எடுக்கலாம். நீங்கள் கட்டுவதற்கு அவள் பெயர் என்றால் வேண்டாம். விடுதலை வந்த பிறகும் கடன் வரலாற்றில் திவால் பதிவு மொத்தம் ஆறு வருடம் இருக்கும், மறுபடி மறுப்பார்கள், சண்டை போடாதீர்கள்.

பழைய கம்பெனியின் பாக்கி திவாலுக்கு முந்தையது என்றால் அது திவாலுக்குள் போய்விட்டது. வழக்கு எண்ணையும் திவால் தேதியையும் ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள், அஃபிஷியல் ரிசீவருக்கு ஒரு பிரதி. அவர்கள் போனில் கூப்பிட்டு "ஐந்து பவுண்டாவது கட்டுங்கள்" என்றாலும் கட்டாதீர்கள்.