கேள்வி–பதில்: இத்தனை சண்டை இருந்தும் கொட்டாவி ஏன்?

கேள்வி: சண்டையும் துரத்தலுமாக ஓடும் படத்தில்கூடப் பாதியில் தூக்கம் வருகிறதே, குறை என்னிடமா, படத்திடமா?

பதில்: எனக்கும் வரும். ஒருமுறை பக்கத்து இருக்கைக்காரர் தட்டி எழுப்பிவிட்டார். அந்த அவமானத்துக்குப் பிறகு குறிப்பேட்டோடுதான் படம் பார்க்கிறேன். ஒவ்வொரு சண்டை முடிந்ததும், ‘இதனால் என்ன மாறியது?’ என்று எழுதுவேன். மூன்று முறை தொடர்ந்து ‘ஒன்றுமில்லை’ என்று விழுந்தால், குறை உங்களிடம் இல்லை.

1994-இல் வந்த ‘ஸ்பீட்’ என்ற ஹாலிவுட் படத்தையே பாருங்கள். ஒரு பஸ்ஸில் குண்டு வைத்திருக்கிறார்கள்; வேகம் மணிக்கு 50 மைலுக்குக் கீழே இறங்கினால் பஸ் வெடிக்கும். இந்த ஒற்றை விதி திரைக்கதையின் பாதி வேலையைச் செய்துவிடுகிறது! ஓட்டுநர் காயப்படுகிறார், பயணி ஒருத்தி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாள், எதிரே கட்டி முடிக்காத பாலம். ஒவ்வொரு சிக்கலும் முந்தைய சிக்கலின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஆனால் பஸ் கதை முடிந்து மெட்ரோ ரயிலுக்குத் தாவியதும் என் பேனா ஓய்ந்துவிட்டது. ரயிலில் சண்டை இருக்கிறது, அந்த விதி இல்லையே!

திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன கணக்கும் உண்டு. மேசைக்கடியில் குண்டு திடீரென வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. இருப்பதை முன்பே காட்டிவிட்டால் 15 நிமிடப் பதற்றம். நம் ஆட்கள் பலர் குண்டை ஒளித்துவைத்துவிட்டு, வில்லனின் சிறுவயதுச் சோகத்தை நீட்டி முழக்குகிறார்கள். அந்த இடத்தில் நான் பேனாவை மூடிவிடுவேன். நீங்கள் தாராளமாகத் தூங்கலாம்.