கேரம் கிளப்புல வர்ற சிரிப்பு பொய் சிரிப்பா?

சார், கேரம் கிளப்புக்குப் போனா மட்டும் மனசு லேசாகுறது வியாதியான்னு கேட்டு டாக்டர் எனக்கு நாலு பக்கம் லெட்டர் எழுதியிருக்கீங்க. கண்ணு துடிக்குது, வயித்துல கேஸ், விரல் மரத்துப்போகுது, முடி கொட்டுது. ஆனா மூணாவது பக்கத்துல நடுவுல ஒரு வரி, "அண்ணனை கீழ்ப்பாக்கத்துல சேர்த்தப்போ எனக்கு 19 வயசு"ன்னு. மிச்சம் எல்லாமே அந்த ஒரு வரிக்காக எழுதினதுதான்னு தோணுது, அதனால அதுலேர்ந்தே வர்றேன்.

கூடப் பொறந்தவங்களுக்கு மனநோய் இருந்தா நமக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட கூடுதல்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க அண்ணனுக்கு வந்த மாதிரி வியாதி பெரும்பாலும் இளவயசுலயே தலைகாட்டிடும், உங்களுக்கு இப்போ 51. அப்புறம், நம்ம பக்கம் "கீழ்ப்பாக்கம் கேஸு"ன்னு கிண்டல் பண்றது இன்னும் போகல, 1794ல ஆரம்பிச்ச மனநல ஆஸ்பத்திரி அது, இன்னிக்கு அங்க ஓபில மாத்திரை வாங்கிட்டு நேரா வேலைக்குப் போறவங்க எத்தனையோ பேர், அதுல நாலஞ்சு பேர் என் கிளினிக்குக்கும் சளி காய்ச்சல்னு வர்றாங்க.

இப்போ உங்க கேள்வி. விஆர்எஸ் வாங்கி வேலையை விட்டதுலேர்ந்து வீட்ல இருந்தா டல்லா இருக்கு, சாயங்காலம் தண்டையார்பேட்டை கேரம் கிளப்புக்குப் போனா அந்த ஆட்டோ ஓட்டுற நண்பர் அடிக்கிற லூட்டில மனசு லேசாயிடுது, திரும்பி வந்தா மறுபடி டல். இதுக்கு ரீல்ஸ்ல ஒருத்தர் "அடுத்தவங்க மூடை நம்பி வாழ்றது வியாதி"ன்றாரு, இன்னொருத்தர் பைபோலார்னு, அதாவது மூட் ரொம்ப ஏறி ரொம்ப இறங்குற வியாதின்னு சொல்றாரு, நீங்க ரெண்டையும் நம்பி கிளப்புக்குப் போறதையே நிறுத்திட்டீங்க. எனக்குக் கோவம் வந்த இடம் இதுதான்.

பைபோலார்ல ஏறின மூட் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறி ஒன்பது மணிக்கு இறங்காது சார். லேசான வகைன்னாலும் குறைஞ்சது நாலு நாள் சேர்ந்தாப்ல நிக்கும், தூக்கமே தேவையில்லாத மாதிரி இருக்கும், பேச்சு நிக்காது, காசு தண்ணியா போகும். ரெட் போட்டு ஃபாலோவும் விழுந்ததுக்கு நீங்க கத்துனது அதுல சேராது.

அடுத்தவங்க சந்தோஷம் நமக்கு ஒட்டிக்கிறது உடம்போட இயல்பு. எதிர்ல இருக்கறவர் சிரிச்சா நம்ம முகத் தசை அரை செகண்டுக்குள்ள அதை லேசா காப்பி அடிக்குது, நமக்கே தெரியாது, பின்னாடியே மனசும் கொஞ்சம் போகும். ராபர்ட் புரோவைன்னு அமெரிக்காவுல ஒருத்தர் சிரிப்பையே ஆராய்ச்சி பண்ணாரு, மனுஷன் தனியா இருக்கறப்போ சிரிக்கிறதைவிட கூட்டத்துல கிட்டத்தட்ட 30 மடங்கு அதிகமா சிரிக்கிறான்னு கண்டுபிடிச்சாரு, அதுலயும் முக்காவாசி சிரிப்பு ஜோக்குக்கு வந்ததே இல்ல, சும்மா "இன்னா தலைவா, வர்ல?"ங்கிற மாதிரி பேச்சுக்கு வந்த சிரிப்பு. உங்க நண்பர் பெரிய காமெடியனா இருக்கணும்னு அவசியமே இல்ல, இருந்தா போதும்.

2008ல இன்னொரு ஆராய்ச்சி வந்துச்சு, ஃபிராமிங்காம்ங்கிற ஊர்ல 20 வருஷம் 4,739 பேரைப் பாத்துட்டு சந்தோஷம் ஃபிரெண்டுகிட்டேர்ந்து ஃபிரெண்டுக்குப் பரவுதுன்னு சொன்னாங்க. அதே மாசம் வேற ரெண்டு பேர் அதே மாதிரி கணக்குப் போட்டா முகப்பருவும் உயரமும் கூடத்தான் ஃபிரெண்டுகிட்டேர்ந்து தொத்துதுன்னு நக்கலா பதில் போட்டாங்க. அதனால நம்பர்ங்களை ரொம்ப நம்பாதீங்க. எனக்கு ஆராய்ச்சியைவிட எங்க கிளினிக் நர்ஸ் சிஸ்டர் போதும், அவங்க லீவு போட்ட நாள் வெயிட்டிங் ஹாலே எழவு வீடு மாதிரி இருக்கும், டோக்கனுக்கு சண்டை வேற.

சரி, இப்போ முக்கியமான இடம். கடைசி பக்கத்துல "ஒரு வாரமா போகல, போகவும் தோணல"ன்னு எழுதியிருக்கீங்க. ரீல்ஸ் பாத்து பயந்து போகலயா, இல்ல நிஜமாவே போகத் தோணலயா? ரெண்டும் ஒண்ணில்ல. பயந்துதான்னா இன்னிக்கு சாயங்காலமே போங்க. போய் உக்காந்து, அதே ஆளு அதே லூட்டி அடிச்சும் உங்களுக்கு உள்ள ஒண்ணுமே அசையலன்னா, எல்லாரும் சிரிக்கிறாங்க நமக்கு மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கற மாதிரி இருக்குன்னா, அதுக்குத்தான் டாக்டரைப் பாக்கணும். பெரும்பாலான நாள், ரெண்டு வாரம் அப்படியே ஓடுச்சுன்னா, கூடவே விடியக்காலைல நாலு மணிக்கே முழிப்பு வந்து நெஞ்சு கனக்குது, சாப்பாடு ருசிக்கலன்னா, அது டிப்ரஷனா இருக்கலாம். ஒண்ணு சொல்லணும், டிப்ரஷன் இருக்கறவங்கள்ல சிலருக்கு நல்ல கூட்டத்துல கொஞ்ச நேரம் மூட் தூக்கத்தான் செய்யும், அதனால சிரிப்பு வருதுன்றதை மட்டும் வெச்சு வேலைக்கே எழுந்திரிக்க முடியாத நிலைமையை மறைக்காதீங்க. அந்த நேரத்துல "நாலு பேரோட பழகு, சரியாயிடும்"னு சொந்தக்காரங்க சொல்ற அட்வைஸ் மாதிரி கொடுமை வேற கிடையாது, கால் உடைஞ்சவனை ஓடச் சொல்ற கதை.

"இருந்து என்ன பிரயோஜனம்"ங்கிற நினைப்பு வந்தா மட்டும் ரெண்டு வாரக் கணக்கெல்லாம் பாக்க வேணாம். அன்னிக்கே, ராத்திரின்னாலும் அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் 14416க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. வீட்லயும் ஒருத்தர்கிட்ட சொல்லிடுங்க.

கண்ணு துடிக்கிறது டீயும் தூக்கம் கெட்டதும், விட்டுடுங்க. முடி 51 வயசுல கொட்டாம என்ன பண்ணும். கேஸுக்கு ராத்திரி பரோட்டாவை நிறுத்துங்க. விரல் மரத்துப்போறதுக்கு ஒரு சுகர் டெஸ்ட், அதோட தைராய்டும் பி12ம் பாத்துடுங்க, மனசு டல்லா இருக்கறதுக்கு சில சமயம் அதுங்களும் காரணம்.

ஆனா அந்த மெடிக்கல் ஷாப் மாத்திரை இருக்கே, அல்பிரசோலம்னு பதட்டத்துக்குக் குடுக்கறது, மூணு வாரமா தினம் ராத்திரி அரை மாத்திரை. சீட்டு இல்லாம குடுத்தவருக்கும் திட்டு, வாங்கின உங்களுக்கும் திட்டு. பழகிடும் சார் அது, அப்புறம் அது இல்லாம தூக்கம் வராது, தண்ணி போட்டுட்டு அதைப் போட்டா மூச்சே நின்னு போகலாம். அதுக்காக நான் திட்டினேன்னு இன்னிக்கே டக்குனு நிறுத்திடாதீங்க, படபடப்பு ஏறும், சிலருக்கு ஃபிட்ஸ் கூட வரும், டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியாத்தான் குறைக்கணும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம், காலைல மனநல ஓபிக்குப் போங்க, அண்ணனோட விஷயத்தை ஒளிக்காம சொல்லுங்க, அந்த மாத்திரை அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க. சாயங்காலம் கிளப்பு.