பனி பொழியும் காலத்தில் அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் மோட்டார் ஹோமில் (படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டியில்) குடும்பத்துடன் தங்க முடியுமா?

தாராளமாகத் தங்கலாம். இரண்டு சிறு பிள்ளைகளையும் எழுபது வயதைக் கடந்த மாமியாரையும் அழைத்துக்கொண்டு, ஒரு பிப்ரவரி மாதத்தில் நாங்கள் இரண்டு இரவுகள் அங்கே தங்கியிருக்கிறோம். குளிரைத் தாங்க முடியுமா, எரிவாயு போதுமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நியாயமான கவலைகளே. ஆனால் நடு இரவில் முதலில் கைவிடுவது பேட்டரி என்பதை அங்கே நேரில் கண்டதால், அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி மாத இரவுகளில் வெப்பநிலை பொதுவாக உறைநிலைக்கு இரண்டு டிகிரி செல்சியஸ் கீழே போகும்; பகலில் 8, 9 டிகிரி வரை ஏறும். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் அப்பர் பைன்ஸ் முகாம் திடலில் 35 அடி வரை நீளமுள்ள மோட்டார் ஹோம்களை நிறுத்தலாம். ஆனால் அந்தத் திடலில் மட்டுமல்ல, பூங்காவின் எந்த முகாம் திடலிலும் வண்டிக்கு மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டரையும் காலை 7 முதல் 9 வரை, பகல் 12 முதல் 2 வரை, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே ஓட்டலாம். ஆகவே மாலை 7 மணிக்கு அதை நிறுத்திவிட்டால், மறுநாள் காலை 7 மணி வரை, குளிர் மிகக் கடுமையாக இருக்கும் பன்னிரண்டு மணி நேரத்தையும் பேட்டரியை நம்பியே கழிக்க வேண்டும்.

ஹீட்டர் புரொப்பேனில்தானே எரிகிறது, பேட்டரிக்கு என்ன வேலை என்று நானும் நினைத்திருந்தேன். புரொப்பேன் கழித்தல் 42 டிகிரி வரை ஆவியாகக்கூடியது என்பதால், யோசெமிட்டிக் குளிரில் எரிவாயுவால் தொல்லை வராது. ஆனால் அந்தச் சூட்டை அறைக்குள் தள்ளும் விசிறி 12 வோல்ட் மின்சாரத்தில் சுழல்கிறது. ஓடும் நேரமெல்லாம் அது 7 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலே 42 ஆம்பியர்-மணி (பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தை அளக்கும் அலகு) செலவாகிவிடும். நாங்கள் வாடகைக்கு எடுத்த வண்டியில் இருந்தது ஒரே ஒரு 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பேட்டரி. அத்தகைய பேட்டரியில் பாதியைத்தான் சேதமின்றிப் பயன்படுத்தலாம். உறைநிலையில் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும்விடும். விளக்கு, தண்ணீர் பம்பு, குளிர்சாதனப் பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கணக்கு எங்கே போய் முடியும் என்பது புரியும்.

எங்களுக்கு அது அதிகாலை 3 மணிக்கு முடிந்தது. “மாப்பிள்ளை, காத்து வருது, ஆனா சில்லுனு வருது” என்று மாமியார் எழுப்பினார். எழுந்து பார்த்தால் விசிறி மெல்ல முனகிக்கொண்டு சுழல்கிறது, தீ மட்டும் பற்றவில்லை. காற்றின் வேகம் போதாவிட்டால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு விசை எரிவாயுவைத் திறக்க விடாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். சுவரில் இருந்த வோல்ட் மீட்டர் 11.3 காட்டியது; பேட்டரி ஏறக்குறையத் தீர்ந்துவிட்டிருந்தது. பிள்ளைகளை நடுவில் படுக்கவைத்து, இருந்த போர்வைகள் அனைத்தையும் போர்த்தி, காலை 7 மணிக்காகக் காத்திருந்தோம். அந்த நான்கு மணி நேரம் மாமியாரின் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்த என் மனைவியின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மறுநாள் மூன்று காரியங்களைச் செய்தோம். அனுமதிக்கப்பட்ட ஆறு மணி நேரமும் ஜெனரேட்டரை ஓட்டினோம். தூங்கும்போது தெர்மோஸ்டாட்டை 20 டிகிரியிலிருந்து 13 டிகிரிக்கு இறக்கினோம். முன்கண்ணாடிக்கும் ஓட்டுநர் பகுதிக்கும் கனமான போர்வையால் திரை கட்டினோம். வீட்டுப் பகுதியின் சூடு பெரும்பாலும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் வெளியேறுகிறது. அன்றிரவு ஹீட்டர் விடியும்வரை தாங்கியது. கூரையில் சூரியப் பலகை இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பள்ளத்தாக்கின் தென்புறப் பாறைச் சுவரின் நிழல் குளிர்காலத்தில் அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நிற்கும். போதாததற்குப் பைன் மரங்களும் பலகைமேல் படியும் பனியும் சேர்ந்துகொள்ளும். வண்டியை முன்பதிவு செய்யும்போதே பேட்டரி எத்தனை, என்ன வகை என்று கேட்டுவிடுங்கள்.

ஹீட்டர் நின்ற இரவில் சமையலறைக் குழாயும் உறைந்தது. நல்லவேளையாக வெடிக்கவில்லை, நண்பகலில் தானாக இளகியது. சிங்க்கின் கீழுள்ள அலமாரிக் கதவுகளை இரவில் திறந்து வைத்தால் உள்ளே இருக்கும் குழாய்களுக்கும் சூடு போகும். குடிநீரைத் தனியாகக் கேன்களில் வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குளிர்ந்தாலும் சமையல் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். அதற்கான எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று புறப்படும் முன் சோதியுங்கள். ஹீட்டரின் புகைப்போக்கி வண்டியின் பக்கவாட்டில் தாழ்வாக இருப்பதால், பனி விழும்போது அதைச் சுற்றி அடிக்கடி துடைத்துவிடுங்கள். கூரைத் துவாரத்தை விரலளவு திறந்து வைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து பேரின் மூச்சுக்காற்று சன்னல்களில் நீராக வழிந்து மெத்தையை நனைத்துவிடும்.

பாதை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்றப் பாதைகளைவிட மாரிப்போசா என்ற ஊர் வழியாக வரும் நெடுஞ்சாலை 140 தாழ்வாகச் செல்வதால் அதில் பனி குறைவு. இருந்தாலும் பனியில் சறுக்காமலிருக்க டயரில் மாட்டும் சங்கிலி கையில் இருந்தே ஆக வேண்டும். சங்கிலி மாட்டியே ஓட்ட வேண்டும் என்ற ஆர்-2 கட்டுப்பாட்டை அறிவித்தால், பனிக்கான டயர்களுடன் கூடிய நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு விலக்கு உண்டு. பின்சக்கரங்களால் ஓடும் நம் வண்டிகளுக்குக் கிடையாது. ஆனால் சங்கிலி மாட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதும் வாடகை நிறுவனங்கள் உண்டு. எங்கள் ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது. முன்கூட்டியே கேட்டு எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கினோம். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவுக்கே சங்கிலி வாங்கி, வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கினுள் பெட்ரோல் நிலையம் இல்லாததால் மாரிப்போசாவிலேயே தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

பெரும்புயல் முன்னறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2023 பிப்ரவரி 25 அன்று பனியால் மூடப்பட்ட பூங்கா, மார்ச் 18 அன்றுதான் பகுதியளவில் திறக்கப்பட்டது. சாதாரணப் பனிப்பொழிவிலும் சாலை ஒரு நாள் அடைபடலாம் என்பதால், இரண்டு நாள் உணவையும் வயதானவர்களின் மருந்தையும் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வண்டியின் பேட்டரி விவரத்தைத் தெரிவித்தால், அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.