வரப்பில் நின்று எழுத வேண்டிய பிராது

அன்புள்ள ஐயா,

நான் மன்னார்குடியில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நீதிபதி ஒரு கேள்வி கேட்டாலே எனக்குக் கை நடுங்குகிறது. தமிழில் வாதிடுவதா ஆங்கிலத்தில் வாதிடுவதா என்பதிலும் தெளிவில்லை. சீனியர் அலுவலகத்தில் எனக்கு வருபவை எல்லாம் வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும்தான். கணினியில் உள்ள பழைய பிராதில் (வழக்குத் தொடுக்கும் மனுவில்) பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றிவிட்டால் வேலை முடிந்துவிடுகிறது. கற்றுக்கொள்ள அதில் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளூர் நீதிமன்றத்தில் திறம்பட வழக்கு நடத்த என்ன செய்ய வேண்டும்?

இளம் வழக்கறிஞர் (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வழக்கறிஞருக்கு,

பட்டா திருத்தம் ஒன்றுக்காக என் தந்தையின் பழைய வழக்குக் கட்டைச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால், நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரிக்கே நான் அதிகம் பதில் சொல்லப் போகிறேன்.

மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்குச் சட்டப்படியே இடம் உண்டு. உங்கள் கட்சிக்காரரும் சாட்சியும் பேசுவது தமிழ்தான். தடையில்லாமல் வருகிற மொழியில் பேசுங்கள்.

ஆனால் பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றினால் வேலை முடிந்தது என்கிறீர்களே, அம்மா, அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. டெல்டாவில் ஒரு நில வழக்கின் உயிர் பிராதின் கடைசிப் பக்கத்தில், சொத்து விவரத்தில் இருக்கிறது. அசையாச் சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரமும், எல்லைகளாலோ சர்வே எண்களாலோ காட்ட முடியுமானால் அவையும் பிராதில் இருக்க வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7, விதி 3 சொல்கிறது. நீங்கள் கணினியில் மாற்றி ஒட்டுவது அந்தப் பகுதியைத்தான்.

என் தந்தை ஒன்றரை மா நஞ்சையின் சுவாதீனம், அதாவது நிலத்தைத் தம் கைவசம் ஒப்படைக்கக் கோரி வழக்குத் தொடுத்தார். அவருடைய வழக்கறிஞர் பெரிய பேச்சாளர். அவர் ஆங்கிலத்தில் வாதிடும்போது மற்ற வழக்கறிஞர்கள் வந்து நின்று கேட்பார்கள். சொத்து விவரத்தை அவருடைய குமாஸ்தா எங்கள் பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரத்திலிருந்து வரிக்கு வரி பெயர்த்து எழுதினார். அதில் தென் எல்லையாக ஒரு வாய்க்கால் இருந்தது; அந்த வாய்க்கால் எப்போதோ இடம் மாறி, பழைய தடம் அடுத்த வயலோடு உழப்பட்டுவிட்டதை அவர்கள் அறியவில்லை, ஏனென்றால் இருவரில் ஒருவர்கூட வயலுக்கு வந்து பார்க்கவில்லை. முன்சீப் கோர்ட்டில் வென்றோம், மேல்முறையீட்டிலும் வென்றோம். தீர்ப்பை நிறைவேற்றக் கேட்ட மனுவில் நீதிமன்ற ஊழியரான அமீனா வாரண்டோடு வந்து நின்றபோது, எதிராளி அமைதியாக, "எந்த வாய்க்காலுக்கு வடக்கே?" என்று கேட்டார். சொத்தை அடையாளம் காண இயலவில்லை என்று எழுதி அமீனா வாரண்டைத் திருப்பிவிட்டார். தீர்ப்பாணையில் உள்ளதைத் தாண்டி நிறைவேற்று நீதிமன்றம் போக முடியாது. பிறகு திருத்த மனு, இடத்தைப் பார்வையிட நீதிமன்றம் அனுப்பும் கமிஷனர், சர்வேயர் என்று ஆண்டுகள் போயின. இரண்டு கோர்ட்டுகளில் வென்ற என் தந்தை அந்த வயலில் ஒரு போகம்கூட அறுக்காமல் காலமானார்.

ஆகவே பிராது எழுதுமுன் கட்சிக்காரரோடு வயலுக்குப் போய் நான்கு வரப்பையும் நடந்து பாருங்கள். தண்ணீர் எந்த மடையில் புகுந்து எந்த வடிகாலில் இறங்குகிறது என்று கேளுங்கள். பழைய பத்திரம் குழியிலும் மாவிலும் பேசும், பட்டா ஹெக்டேரிலும் ஏரிலும் பேசும். நம் பக்கத்தில் நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், ஓர் ஏர் 2.47 சென்ட் என்று அங்கேயே கணக்குப் போட்டு, சர்வே வரைபடமான புலப்படத்தோடும் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டோடும் ஒத்துப்பாருங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயரும் பரப்பும் மாறிப்போன பட்டாக்கள் ஏராளம் என்பதால் பட்டாவை மட்டும் நம்பி எழுதக் கூடாது. பரப்பும் எல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையையே ஏற்கின்றன. எல்லையைத் தவறாக எழுதியவருக்கு அந்த விதியே எதிராகத் திரும்பும். விசாரணை தொடங்கிய பின் பிராதைத் திருத்துவதும் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எளிதல்ல.

வயலில் நிற்கும்போதே, உழுவது யார் என்று கேளுங்கள். 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த மண் இது. எதிராளி பாதுகாப்புக்கு உரிய சாகுபடிக் குத்தகைதாரர் என்று நிறுவப்பட்டால், 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஏ பிரிவின்படி, சுவாதீனமோ உறுத்துக்கட்டளையோ (தடையாணையோ) கோரும் வழக்கை உரிமையியல் நீதிமன்றம் மேற்கொண்டு நடத்தாமல் வருவாய்க் கோட்ட அலுவலருக்கு மாற்ற வேண்டும். கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைந்த ஊர்களில் இதை முதல் நாளே கேட்காத வழக்கறிஞர் கட்சிக்காரரின் பணத்தையும் காலத்தையும் வீணாக்குகிறார்.

கமிஷனர் மனுவைப் பிராதோடும் இடைக்கால உறுத்துக்கட்டளை மனுவோடும் சேர்த்தே கொடுங்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வரும் வாரங்களில் எழுகிற மடைத் தகராறுக்கு இரண்டு வாய்தா கழித்துக் கமிஷனர் போனால், வெட்டிய மடை அடைபட்டிருக்கும். தை அறுவடை முடிந்த வயலில் பயிரின் பருவத்தை யாராலும் குறிக்க முடியாது. மனுவில் சுவாதீனம் யாருடையது என்று கண்டறியக் கேட்காதீர்கள், அந்த வேலைக்குக் கமிஷனரை நியமிக்க மாட்டார்கள். வரப்பின் அகலம், மடையின் இடம், புதிதாக வெட்டிய மண், நிற்கும் பயிர் ஆகியவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். கிராமத்துச் சாகுபடிக் கணக்கான அடங்கலை எடுக்கும்போது, வழக்குத் தொடுத்த நாள் எந்தப் பசலியில் (வருவாய்த் துறை ஆண்டில்) விழுகிறது என்று பாருங்கள். பசலி ஜூலை முதல் தேதி மாறுகிறது, போன பசலி அடங்கல் இன்றைய சுவாதீனத்தைக் காட்டாது.

கை நடுக்கத்தைக் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் அது உண்டு. அதற்காக வெட்கப்பட வேண்டாம். நீதிபதி "மடை எந்தப் பக்கம்?" என்று கேட்கும்போது, கட்டைப் புரட்டிக்கொண்டிருப்பவருக்கு வருகிற பதற்றம், அந்த மடையில் கால் நனைத்தவருக்கு வருவதில்லை.

உங்கள் கையில் இருக்கும் வாய்க்கால் வழக்குகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அடுத்த வாய்தாவுக்கு முன்பாக, புலப்பட நகலோடு காலை வெயில் ஏறுமுன் போய்வாருங்கள். கட்சிக்காரரின் வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொள்ளுங்கள், நடவும் களையும் அவர்கள் கையில் நடப்பதால் எல்லையை அவர்கள் நன்றாக அறிவார்கள். எதிராளியிடம் பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம். சீனியர் அனுப்பத் தயங்கினால் எனக்கு எழுதுங்கள், நானே அவரிடம் பேசுகிறேன்.